டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில்

அடுத்தவர் வீட்டில் என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார், ஏன் குடித்தார் என்று விசாரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: ஒருவர் போலீஸ்காரர், இன்னொருவர் டயாலிசிஸ் நர்ஸ். போலீஸ்காரருக்குத் தொப்பியும் லத்தியும் உண்டு. எனக்கு ஓர் எடை மெஷின் மட்டும்தான்.

ஷார்ஜாவில் ஒரு கிட்னி கிளினிக்கில் பதினோரு வருஷமாக டூட்டி. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பெயர் ஞானராஜ். அந்தப் பெயர் பாஸ்போர்ட்டோடு சரி. பெண் நர்ஸ் சிஸ்டர் என்றால் ஆண் நர்ஸ் பிரதர். வளைகுடாவில் அதுதான் சட்டம். ஒருமுறை என் மனைவி அவசரமாக வார்டுக்கு போன் போட்டு, பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாதே என்று, "பிரதர் இருக்காரா?" என்று கேட்டுவிட்டாள். கூட வேலை செய்கிறவர்கள் ஒரு வாரம் என்னை நிம்மதியாக விடவில்லை.

ரத்தத்தில் சேரும் கழிவையும் மிச்சத் தண்ணீரையும் வெளியே தள்ளுவது கிட்னியின் வேலை. அது முழுசாகக் கைவிட்டுவிட்டால், அந்த வேலையை மெஷின் செய்ய வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசியோடு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். நான்கு மணி நேரம் எழுந்து போக முடியாத மனிதருக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன். அவர் பேசாமல் என்ன செய்வார்? நான் கேட்காமல் எங்கே போவேன்? நீங்களும் ஆஸ்பத்திரிக்காரர் என்றாலோ, வீட்டில் ஒரு சர்க்கரைக்காரரைக் கட்டி மேய்க்கிறவர் என்றாலோ, படிக்கும்போது அங்கங்கே பெருமூச்சு வரும். தாராளமாக விடுங்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரே வியாதிதான்.

ஐஸ் வேறு, தண்ணீர் வேறு

ஒவ்வொரு பேஷண்டுக்கும் டாக்டர் ஓர் எடை குறித்து வைத்திருப்பார். உடம்பில் மிச்சத் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை அது. பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீர் நின்றுபோயிருக்கும். ஆகவே, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் ஏறிய எடை முக்கால்வாசியும் குடித்ததுதான். இரண்டு கிலோ ஏறினால் மன்னிப்போம். அதற்கு மேல் போனால் மூச்சு முட்டும், இதயம் திணறும். அதனால்தான் விசாரணை.

செல்வநாயகம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். ஓர் அலுவலகத்தில் ஆவணப் பொறுப்பாளர். சட்டை மடிப்பு கலையாத மனிதர். ஓர் ஆகஸ்ட் மாதம், எடை மெஷினில் ஏறினார். ஐந்து கிலோ கூட. "சப்பாத்து, தம்பி" என்று ஷூவைக் கழற்றினார். முள் கொஞ்சம் இறங்கியது. பெல்ட்டைக் கழற்றினார். பிறகு போன், சாவிக்கொத்து, பர்ஸ், கண்ணாடி. என் மேஜை ஏர்போர்ட் செக்கிங் தட்டு மாதிரி ஆகிவிட்டது. முள் நாலு கிலோவுக்கு வந்து, பிறகு நகரவே இல்லை.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"ஒரு சொட்டும் இல்லைத் தம்பி. வேணுமெண்டா மனுசியிட்டக் கேளும்."

"அப்ப இந்த நாலு கிலோ?"

அண்ணை யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். வெயில் என்றார், தாகம் என்றார், தண்ணீர் குடிக்கக் கூடாது என்று நான் சொன்னதை மறக்கவில்லை என்றார். அதற்காகவே ஃப்ரீசரில் மூன்று தட்டு ஐஸ் போட்டு வைத்து, டிவிக்கு முன்னால் ஒவ்வொன்றாய்ச் சூப்பியிருக்கிறார். அதுவும் உருகினால் தண்ணீர்தானே என்று நான் கேட்டதும் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"நீர் குடிக்க வேண்டாமெண்டுதானே சொன்னீர், கடிக்க வேண்டாமெண்டு சொல்லேல்லையே!"

பார்டர்

கோயம்புத்தூர் பொன்னுசாமி சாரை முதலில் பார்த்தது டயாலிசிஸ் நாற்காலியில் அல்ல, அதற்கு நாலு வருஷம் முன்னால், டாக்டர் அறையில். தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் மேனேஜர். கால் வீங்கியிருக்கிறது, சிறுநீர் நுரைத்துப் போகிறது என்று மனைவி கோமதி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் டாக்டர் ஷமீமா மதுரைக்காரர். தமிழ் ஆள் என்றால் சிரித்துக்கொண்டே திட்டுவார்.

"சுகர் இருக்கா சார்?"

"சுகரெல்லாம் இல்லீங்க. பார்டர்லதானுங்க."

"பிரஷர்?"

"அதும் பார்டர்ங்க."

"எத்தனை வருஷமா பார்டர்?"

"ஒரு பத்து வருஷம் இருக்குமுங்க."

மாத்திரை சாப்பிட்டாரா என்றால், "தலை சுத்துனா போடுவனுங்க" என்றார். நமக்கெல்லாம் தெரிந்த வைத்தியம்தான் இது. தலை சுற்றினால் மாத்திரை, சுற்றாவிட்டால் அல்வா. கிட்னியைக் கெடுக்கிறவர்களில் முதல் ஆள் சர்க்கரை, இரண்டாவது ஆள் ரத்த அழுத்தம். இரண்டும் வலிக்காது. வலிக்காத காரணத்தால் யாரும் மதிப்பதில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபோது அவருடைய கிட்னிகளில் பாதிக்கு மேல் போயிருந்தது. கோமதி அம்மா கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றார். பொன்னுசாமி சார் மட்டும் விடாமல், இன்னமும் பார்டர்தானே என்று கேட்டார். டாக்டர் ஷமீமா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"பத்து வருஷம் பார்டர்லயே நின்னா, எந்த நாடா இருந்தாலும் உள்ளே பிடிச்சுப் போட்டுருவாங்க சார்."

இரண்டு குர்தா

எனக்கு இந்தி தெரியும் என்று இன்டர்வியூவில் சொல்லியிருந்தேன். வளைகுடாவுக்கு வருகிற எல்லாரும் சொல்கிற பொய்தான். அது துபாய் அல் கூஸில் என் கழுத்தைப் பிடித்தது. ஒரு கட்டுமானக் கம்பெனியின் லேபர் கேம்பில் கிட்னி பற்றிப் பேச வேண்டும். கேட்பவர்கள் நூறு பேர், பெரும்பாலும் பீகார், உத்தரப்பிரதேசம். டாக்டர் ஷமீமா பரிசோதனை செய்வார், நான் இந்தியில் பேச வேண்டும்.

எங்கள் வார்டில் தரை துடைக்கும் லக்னோ பாயிடம் ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். கிட்னிக்கு இந்தியில் என்ன என்றேன். சொன்னார். 'குர்தா' என்று எழுதினேன். நம் தமிழில் இருப்பது ஒரே ககரம், ஒரே தகரம். அதை வைத்துக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம் அல்லவா? நான் சட்டை குர்தாவை வாசிப்பது போலவே வாசித்தேன்.

தண்ணீர் குடிக்காவிட்டால் உங்கள் குர்தா கெட்டுப்போகும் என்று ஆரம்பித்தேன். முன்வரிசை தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்தது. கடவுள் ஒவ்வொரு மனிதனுக்கும் இரண்டு குர்தா கொடுத்திருக்கிறார் என்றேன். நடுவிலிருந்து ஒருவர் கையைத் தூக்கி, தனக்கு மூன்று இருப்பதாகச் சொன்னார். ஒரு குர்தா கெட்டாலும் இன்னொன்றை வைத்து ஓட்டலாம், சொந்தக்காரருக்கு ஒன்றைக் கொடுக்கவும் செய்யலாம் என்று நான் உருக்கமாக முடிக்கும்போது, கடைசி வரிசையில் இருந்த ஒரு தஞ்சாவூர் எலக்ட்ரீஷியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். "அண்ணே, கால் மணி நேரமா நீங்க சட்டையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கீங்க. கிட்னிக்கு கு இல்லண்ணே, G போட்ட கு!"

பிறகு அவரே பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். சைட்டில் பாத்ரூம் தூரம் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போக வேண்டும், பால் இல்லாத சுலைமானி டீ நிறத்தில் போனால் உடனே தண்ணீர் குடியுங்கள் என்றோம். அப்போது, மூன்று குர்தா இருப்பதாகச் சொன்ன அதே ஆள், சத்ருகன் என்று பெயர், கம்பி கட்டுகிறவர், தன்னுடையது சுலைமானி இல்லை, கோலா நிறம் என்றார். கூட்டம் சிரித்தது. டாக்டர் ஷமீமா சிரிக்கவில்லை. டாக்டர் விசாரித்தபோது, இரண்டு நாளாக வெயிலில் மயக்கம், தொடையெல்லாம் வலி என்றார் அவர். வெயிலில் உடம்பு வறண்டு, தசை சிதைந்து, அந்தக் கழிவு கிட்னியை அடைக்க ஆரம்பித்திருந்தது. அவரை எங்கள் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நாள் முழுக்க டிரிப்ஸ் ஏறியது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது என்னைத் தேடி வந்தார். இரண்டும் தப்பித்துவிட்டது என்று, போட்டிருந்த சட்டையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டிக்கொண்டு சொன்னார்:

"தோனோ குர்தா பச் கயா, பாய்!"

ரூம் டாக்டர்

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் வெல்டர் முருகேசன். பரமக்குடிப் பக்கம். குனிந்தே வேலை, தீராத இடுப்பு வலி. கம்பெனி மெடிக்கலில் கிரியாட்டினின், அதாவது கிட்னி தள்ளாமல் விட்ட கழிவு, ரத்தத்தில் கூடுதலாகக் காட்டி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, வயது முப்பத்து நான்கு. டாக்டர் ஷமீமா, "வலி மாத்திரை போடுவீங்களா?" என்று கேட்டார். போடுவேன் என்றார். எத்தனை என்றால், "ரூம் டாக்டர் குடுக்கிறதைப் போடுவேங்க" என்றார்.

ரூமில் டாக்டர் இருக்கிறாரா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த முறை அவரையும் கூட்டி வரச் சொன்னோம். வந்தவர் பெயர் பழனி. கிரேன் ஓட்டுகிறவர். ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மிகுந்த மரியாதையோடு உள்ளே வந்தார். ஊருக்குப் போய் வருகிறவர்களெல்லாம் கொண்டுவந்த மாத்திரைகள் அதில் கலர் கலராகக் கிடந்தன. இடுப்பு வலிக்கு மஞ்சள், தலைவலிக்கு வெள்ளை, ரொம்ப வலித்தால் இரண்டும். பதினாறு பேர் அந்த வைத்தியத்தில் இருந்தார்கள். காசு வாங்கியதில்லை, கைராசிக்காரர் என்று பெயர் எடுத்திருந்தார்.

டாக்டர் மாத்திரைகளை மேஜையில் பிரித்து வைத்து, எது எது கிட்னியை என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வலி மாத்திரை, தண்ணீர் குடிக்காத உடம்பு, வெயில், இந்த மூன்றும் தினமும் சேர்ந்தால் கிட்னி தாங்காது என்றார். பழனி முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. முருகேசன் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், நானாடா உன்னைக் கெடுத்தேன்?" என்று கேட்டார். முருகேசன், "நீங்க நல்லதுக்குத்தாண்ணே குடுத்தீங்க" என்றார். 

நல்ல வேளை, நேரத்தோடு வந்திருந்தார்கள். வலி மாத்திரையை நிறுத்தி, இடுப்புக்கு பிசியோதெரபி அனுப்பி, நான்கு மாதத்தில் முருகேசனின் கிரியாட்டினின் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு இறங்கியது. டப்பாவை நாங்கள் காலி செய்த அன்றே பழனி வாசல்வரை போய்த் திரும்பி வந்து, டாக்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டார்:

"இனிமே இதுல பிஸ்கட்டே போட்டு வெச்சுக்கிறேன் டாக்டரம்மா, அதைக் குடுத்தா யாருக்கும் சுகர் வந்துறாதுல்ல?"

மாமாவின் பேரீச்சம்பழம்

இங்கே வீட்டு வேலைக்கு இருப்பவர்கள் வீட்டு எஜமானியை 'மாமா' என்பார்கள். நம்ம ஊர் மாமா இல்லை, அம்மாவுக்கு அரபி. இலங்கை ஹட்டனிலிருந்து வந்த லெட்சுமி அக்கா பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தார். மாமாவின் ஐந்து பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தவர். கிட்னி போனதும், ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று அந்த வீட்டு மூத்த மகன் பேச்செடுத்திருக்கிறார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்கு எங்கே போவது? மாமா ஒரே வார்த்தையில் முடித்தாராம், "கலாஸ்" என்று. பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அக்கா இருந்தார். எல்லா டயாலிசிஸுக்கும் மாமாவே காரில் கூட்டி வந்து, நான்கு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

மாமாவால் சும்மா உட்கார முடியாது. ஒருநாள் நான் பக்கத்து அறையில் மெஷினைக் கழுவிவிட்டுத் திரும்பினால், வார்டில் எட்டு பேஷண்டும் எதையோ மென்றுகொண்டிருந்தார்கள். மாமா பெரிய தட்டோடு நாற்காலி நாற்காலியாகப் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் ஏகம். கிட்னி இல்லாத உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். நான் ஒவ்வொருவர் முன்னாலும் டிஷ்யூ தாளை நீட்டித் துப்பச் சொல்லிக்கொண்டு ஓடினேன். செல்வநாயகம் அண்ணை மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, ஒன்றும் தெரியாதவர் போல் கூரையைப் பார்த்தார். மாமாவுக்கு வந்த கோபத்தை அரபியில் கேட்டேன், பாதி புரிந்தது. மீதியை லெட்சுமி அக்கா சொன்னார்:

"நோயாளி வாயிலேருந்து பேரீச்சம்பழத்தைப் புடுங்குற ஆஸ்பத்திரியை இன்னைக்கித்தான் பாக்குறேன்னு மாமா சொல்லுதுங்க பிரதர்."

கைக்குள்ளே ஒரு சத்தம்

டயாலிசிஸ் ஊசி போட வசதியாக, கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துவிடுவார்கள். பிறகு அந்த இடத்தில் கை வைத்தால் வண்டு பறப்பது போல அதிரும். அந்த அதிர்வு இருக்கும்வரை கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். லெட்சுமி அக்காவுக்கு அது பயமாக இருந்தது. தூங்கும்போது காதுக்குக் கீழே கையை வைத்தால் கேட்கிறதாம். "உள்ளுக்குள்ள யாரோ குடியிருக்கிற மாதிரி இருக்குங்க."

ஹட்டனில் இருக்கும் மகளிடம் நோயைப் பற்றி அவர் முழுதாகச் சொல்லவில்லை. கையில் சின்ன ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தார். மகள் நம்பாமல் தினமும் போனில் அழுதிருக்கிறாள். ஒருநாள் அக்கா என்னிடம், அந்தச் சத்தத்தை மகளுக்குக் கேட்க வைக்க முடியுமா, கை நல்லா வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும் என்றார். ஸ்டெதஸ்கோப்பை அவர் கையில் வைத்து, காதில் மாட்டும் முனையை போனில் ஒட்டிப் பிடித்தேன். அக்கா, "கேக்குதா பாப்பா? நல்லாக் கேளு" என்று சொல்லிவிட்டு மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார். உஷ், உஷ், உஷ் என்று போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:

"என்னம்மா, பஸ்ஸுல வர்றியா? எத்தனை மணிக்கு வந்து சேருவ?"

உலகம் முழுக்க வைத்தியர்கள்

யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால் உலகப் படத்தில் பாதி வந்துவிடும். செல்வநாயகம் அண்ணைக்கு ஒரு தம்பி லண்டனில், தங்கை டொரன்டோவில், மச்சான் சிட்னியில். எல்லாரும் வாட்ஸ்அப் வைத்தியர்கள். வாழைத்தண்டுச் சாறு, மூக்கிரட்டைக் கீரை, இளநீரில் ஏலக்காய். ஒவ்வொரு வீடியோவையும் நாற்காலியில் சாய்ந்தபடி என்னிடம் காட்டுவார். சாறும் இளநீரும் பொட்டாசியம், கஷாயம் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்று நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒருநாள், இனி வீடியோ இல்லை என்று அறிவித்தார். குடும்பக் குழுவில் அண்ணை ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வாரமாகக் குழு அமைதியாக இருக்கிறதாம்.

"வைத்தியம் சொல்ல எல்லாரும் நிண்டாங்கள் தம்பி, ஒரு கிட்னி தருவியளோ எண்டு கேட்டன், மூண்டு நாட்டிலயும் ஒரே நேரத்தில சிக்னல் போச்சுது."

உப்பு

சிரிக்க முடியாத நாளும் உண்டு. பொன்னுசாமி சார் நான்கு வருஷத்தில் என் நாற்காலிக்கே வந்து சேர்ந்திருந்தார். பம்புக்காரர் ஆனதால் மெஷினில் ரத்தம் ஓட்டும் பம்பை வேடிக்கை பார்ப்பதில் அவருக்குப் பாதி நேரம் போய்விடும். "நிமிஷத்துக்கு முந்நூறு மில்லியா? நம்ம வீட்டுத் தோட்டத்துக்கே பத்தாதுங்களே" என்பார்.

ஒரு திங்கட்கிழமை, நடந்து வந்தவர் எடை மெஷினில் ஏற முடியாமல் சுவரைப் பிடித்தார். கால் துவள்கிறது என்றார். நாடி மெதுவாக, விட்டு விட்டு அடித்தது. இசிஜி எடுத்தபோது கோடு இருக்க வேண்டிய மாதிரி இல்லை. பொட்டாசியம் ஏறியிருந்தது. டாக்டர் ஷமீமா ஓடி வந்தார். இதயத்தைக் காக்க ஊசி போட்டு, உடனே மெஷினில் மாட்டினோம். 

வெளியே கோமதி அம்மா. பழம் கொடுக்கவில்லை, இளநீர் கொடுக்கவில்லை, காய்கறியை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறேன் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். சோடியம் குறைந்த உப்பு. பிரஷர்காரர்களுக்கு நல்லது என்று போட்டிருந்ததாம். சாதாரண உப்பு கூடாது என்று நாங்கள்தானே சொன்னோம்? பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறார். அந்த மாதிரி உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம். மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். இவருக்கு விஷம். அதை நான் சொன்னதும் அந்த அம்மா சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்படி ஓர் உப்பு இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லாதது என் தப்பு. அன்றிலிருந்து புதிதாக வருகிற எல்லாரிடமும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

மூன்று மணி நேரத்தில் கோடு சரியாயிற்று. பொன்னுசாமி சார் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் அழுது வீங்கிய முகத்தோடு மனைவி நிற்பதைப் பார்த்துவிட்டு, விஷயம் என்னவென்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.  பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பதினஞ்சு நாளா சாப்பாடு ருசியா இருந்துச்சுங்க பிரதர், அப்பவே எனக்கொரு சந்தேகம்தானுங்க."

கோமதி அம்மாவின் முடிவு

அதற்கு ஒரு மாதம் கழித்து, கோமதி அம்மா ஒருநாள் டாக்டரைத் தனியாகப் பார்த்து, தன் கிட்னியைக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். ரத்த வகை பொருந்தியது. மற்ற பரிசோதனைகளும் வரிசையாகப் பொருந்தின. பொன்னுசாமி சார் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி, ஊசி குத்திய கையை அசைக்க முடியாமல், மற்ற கையை மட்டும் ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார். "அந்த உப்புக்காகத்தான குடுக்கறே? அதொண்ணும் உன் தப்பில்லே. வேண்டாம்."

"உப்புக்காக ஒண்ணுமில்லீங்க" என்றார் கோமதி அம்மா. "இருபத்தாறு வருஷமா உங்ககூடச் சண்டை போட்டுப் பழகிட்டேன். இனி வேற யாருகூடப் போடறதுங்க?"

வார்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. செல்வநாயகம் அண்ணை தன் நாற்காலியிலிருந்து, "ஓமெண்டு சொல்லுமய்யா, எனக்குத் தர ஆளில்லாமக் கிடக்கு" என்று குரல் கொடுத்தார். பொன்னுசாமி சார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதால் அழுகிறார் என்று தெரிந்தது.

கிட்னி கொடுப்பவர் விருப்பப்பட்டுத்தான் கொடுக்கிறாரா என்று ஒரு குழு தனியாக உட்கார வைத்துக் கேட்கும். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டபோது, கோமதி அம்மா, "ஆமாங்க, நான்தான் அவரை வற்புறுத்திட்டிருக்கேன்" என்றாராம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வைத்த கிட்னி அன்றைக்கே சிறுநீர் பிரிக்க ஆரம்பித்துவிட்டது.

ஐந்து மாதம் கழித்து இரண்டு பேரும் எங்களைப் பார்க்க வார்டுக்கு வந்தார்கள். பொன்னுசாமி சார் முகத்தில் ரத்த ஓட்டம் வந்திருந்தது. மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், புதுக் கிட்னிக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது இப்போது உத்தரவு. இத்தனை வருஷம் ஒரு வாய்த் தண்ணீருக்கு என்னிடம் கெஞ்சிய மனிதர், தாகமே இல்லை என்று முகத்தைச் சுளித்தார். கோமதி அம்மா கைப்பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் வாய்க்கு நேராக நீட்டினார்:

"உங்களுக்குத் தாகமில்லாட்டிப் போகுதுங்க, என் கிட்னிக்குத் தாகமா இருக்கும், குடிங்க."

கிட்னி சத்தம் போடாமல் உழைத்த காலமெல்லாம் அது முதுகுப் பக்கமா வயிற்றுப் பக்கமா என்றுகூட யாரும் கேட்பதில்லை. அது வேலையை நிறுத்திய பிறகு, ஒரு மெஷினும் ஒரு டாக்டரும் ஒரு குடும்பமும் சேர்ந்து தலைகீழாக நின்றாலும் அது செய்ததில் பாதிதான் செய்ய முடிகிறது.